கண்ணாடிக்கு முன்னால் ஒரு மாதம்: பீடர்மையர் பாணியில் உங்கள் முகத்தை நீங்களே வரைய முழுமையான வழிகாட்டி

1819 வாக்கில் வியன்னாவில் ஒரு படை அதிகாரி, ஃபெர்டினாண்ட் கேயார்க் வால்ட்முல்லர் என்ற இளம் ஓவியரிடம் போய்த் தன் அம்மாவை வரைந்து தரும்படி கேட்டார். அந்த அதிகாரியின் பெயர் ஸ்டீர்லே-ஹோல்ட்ஸ்மைஸ்டர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அம்மா எப்படி இருக்கிறாரோ அப்படியே வரைய வேண்டும். வால்ட்முல்லர் அதுவரை பழைய மேதைகளின் ஓவியங்களைப் பிரதி எடுத்தும், பாடகியான மனைவியோடு ஊர் ஊராகப் போய் நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்தும் பிழைத்தவர். அந்த வயதான அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து சுருக்கம், தொங்கிய கன்னம், லேஸ் தொப்பி என்று ஒன்று விடாமல் வரைந்தபோதுதான் தன் கண்ணைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது என்கிற பொருளில் அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்தப் படம் இன்று பெர்லினில் இருக்கிறது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த நிபந்தனையைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். பீடர்மையர் பாணி என்றதும் பலருக்கும் வழவழப்பான மேற்பரப்பும் பிரஷ் தடமே தெரியாத கன்னமும்தான் நினைவுக்கு வருகின்றன. அது பின்னால் வருவது. முன்னால் வருவது அந்த "இருக்கிறபடியே".

பாணியின் பெயரைப் பற்றிச் சுருக்கமாக. 1815 வியன்னா மாநாட்டிலிருந்து 1848 புரட்சி வரைக்கும் உள்ள காலத்தைத்தான் பீடர்மையர் காலம் என்கிறார்கள். ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் கையில் அதிகாரம், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, கூட்டம் போட்டுப் பேச முடியாத நிலை. மக்கள் வீட்டுக்குள் திரும்பினார்கள். குடும்பம், ஜன்னலோரம், பியானோ, நல்ல துணி, ஞாயிற்றுக்கிழமை நடை. ஓவியர்களும் அதையே வரைந்தார்கள். பெயர் வந்தது பிற்பாடு, 1850களில், மூனிக் நகரத்து நகைச்சுவை இதழ் ஒன்றில் வந்த கற்பனைப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் பெயரிலிருந்து. அப்போது அது கேலிப் பெயர். இன்று அருங்காட்சியகங்கள் அந்தப் பெயரை மரியாதையோடுதான் பயன்படுத்துகின்றன.

எதையும் எடுப்பதற்கு முன்னால்: ஒரு படத்தை ஒரு மணி நேரம் பாருங்கள்

வால்ட்முல்லர் 1828ல், 35 வயதில், தன்னையே வரைந்த படம் வியன்னாவின் பெல்வெடேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 95 × 75 செ.மீ. பெல்வெடேரின் இணையத் தொகுப்பில் பெரிய அளவில் பார்க்கலாம். போன் திரை போதாது, முடிந்தால் கம்ப்யூட்டரில் பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் எதையும் பெரிதாக்காதீர்கள். ஓர் ஓவியர் தன்னை வரையும்போது கையில் பிரஷும் பேலட்டும் இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே அவை இல்லை. அந்தக் கால வியன்னாவின் நாகரிகப்படி உடுத்திய ஒரு கனவான், கோடு போட்ட வெயிஸ்ட்கோட், கழுத்தில் கட்டிய துணி, பின்னால் மரமும் திறந்த வெளியும். வெளியே நடக்கப் போன இடத்தில் நம்மைப் பார்த்து நின்றதுபோல. தொழிலை மறைத்துவிட்டு "நானும் இந்த ஊரில் ஒரு மரியாதையான ஆள்" என்று சொல்கிற படம் அது. அடுத்த வருடமே, 1829ல், வியன்னா கலைக்கழகத்தின் ஓவியக்கூடத்துக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தோரணைக்கு இன்னும் பொருள் கூடுகிறது.

அப்புறம் பெரிதாக்குங்கள். முகத்தை விட்டுவிட்டுத் துணிக்குப் போங்கள். கோடுகள் மடிப்பில் எங்கே வளைகின்றன, எங்கே மறைந்து திரும்ப வருகின்றன என்று விரலால் பின்தொடருங்கள். ஒவ்வொரு கோடும் அடியில் இருக்கிற உடம்புக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். அதுதான் நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம்: வடிவத்தை நிழலை விடவும் சில நேரம் ஒரு கோடு போட்ட துணி தெளிவாகச் சொல்லிவிடும்.

நேரம் இருந்தால் மரீ எல்லென்ரீடர் 1818ல் தன்னை வரைந்த படத்தையும் தேடிப் பாருங்கள். 1813ல் மூனிக் கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண் அவர். அலங்காரம் இல்லாத, நேரான, சின்னப் படம். வால்ட்முல்லரின் நாகரிகம் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் இவரைப் பின்பற்றுங்கள்.

கண்ணாடி

போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள். இது பிடிவாதத்துக்காகச் சொல்வது இல்லை. டாகெரின் புகைப்பட முறை 1839ல்தான் வெளியானது, இந்தப் பாணி அதற்கு முன்னால் கண்ணாலேயே வளர்ந்த பாணி. போட்டோ நிழலைக் கறுப்பாக அடைத்துவிடும், வெளிச்சத்தை வெள்ளையாக எரித்துவிடும். பீடர்மையர் ஓவியர்கள் உயிரைக் கொடுத்து வரைந்ததெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாம்பல், பழுப்பு, இளஞ்சிவப்பு வேறுபாடுகளைத்தான். அவை கண்ணுக்குத் தெரியும், போன் கேமராவுக்கு அவ்வளவாகத் தெரியாது.

குறைந்தது இரண்டடி உயரக் கண்ணாடி ஒன்று வேண்டும், சுவரில் மாட்டியதாக இல்லாமல் நகர்த்தக்கூடியதாக. வால்ட்முல்லர் காலத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சு. வெள்ளிப்பூச்சு முறையை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்டுபிடித்தது 1835ல். நம் கண்ணாடிகள் அதைவிடப் பளிச்சென்று இருக்கும், ஆனால் சாதாரணக் கண்ணாடியில் ஒரு பச்சைச் சாயல் உண்டு. சோதிக்க எளிய வழி: உங்கள் உள்ளங்கையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, நேரில் தெரியும் கையையும் பிம்பத்தில் தெரியும் கையையும் மாறி மாறிப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் நிறம் கலக்கும்போது அந்த அளவு சிவப்பைத் திரும்பச் சேர்க்கலாம்.

இப்போது ஒரு சோப்புத் துண்டை எடுங்கள். கண்ணாடிக்கு முன்னால் ஒரு கை நீட்டும் தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியின் மேலேயே உங்கள் முகத்தின் உச்சியையும் தாடையையும் சோப்பால் குறியிடுங்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் உங்கள் முகத்தின் நிஜ நீளத்தில் சரியாகப் பாதி இருக்கும். எனக்கு 22 செ.மீ. முகம், சோப்புக் குறி 11. நான்கடி பின்னால் போய் மறுபடி பாருங்கள், அப்போதும் முகம் அந்தக் குறிகளுக்குள்ளேயே உட்காரும். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் நம்பாமல் மூன்று முறை அளந்தேன். காரணம் எளிது: நீங்கள் கண்ணாடியிலிருந்து எவ்வளவு தூரமோ, பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரம், கண்ணாடி எப்போதும் நடுவில் இருக்கிறது.

இதனால் இரண்டு பயன். ஒன்று, கண்ணாடியில் அளந்த எதையும் இரண்டால் பெருக்கினால் நிஜ அளவு கிடைக்கும். இரண்டு, கண்ணாடி உங்களுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால் உங்கள் முகத்தை நீங்கள் இரண்டு மீட்டரிலிருந்து பார்க்கிறீர்கள், அதாவது ஓர் ஓவியர் எதிரில் உட்கார்ந்தவரைப் பார்க்கிற தூரம். கண்ணாடியை அரை மீட்டருக்குள் கொண்டுவந்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் தெரியத் தொடங்கும். ஒரு மீட்டரிலேயே நிறுத்துங்கள்.

வெளிச்சம்: இங்கே நம் ஊர்க் கணக்கு வேறு

ஐரோப்பிய ஓவியப் புத்தகம் எதை எடுத்தாலும் வடக்கு ஜன்னல் என்று எழுதியிருக்கும். வியன்னா 48 டிகிரி வடக்கில் இருக்கிறது, அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். வடக்கு ஜன்னல் வழியே வேலை நேரம் முழுக்க வெயில் படாமல் வானத்தின் வெளிச்சம் மட்டும் வரும், நிழல் இடம் மாறாது. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலை நம்பி உட்கார்ந்தால் காலையும் மாலையும் வெயில் உள்ளே வந்து விழும். அந்தக் காலத்தில் தெற்கு ஜன்னலைப் பயன்படுத்துங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் வடக்கு சரி. அடுக்குமாடியில் ஒரே பக்கம்தான் ஜன்னல் என்றால், வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் திரையாகக் கட்டிவிடுங்கள், நன்றாகவே வேலை செய்யும்.

ஒரே ஒரு ஜன்னல். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் ஜன்னல் இடப்பக்கம், கண்ணாடி எதிரில் சற்று இடப்பக்கமாக, ஈஸல் (பலகையைத் தாங்கும் சட்டம்) வலப்பக்கம். முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மெல்ல இருளாகவும் இருக்க வேண்டும், ஆனால் இருண்ட பக்கத்திலும் காதின் மடிப்புகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை நாற்காலியில் போட்டு வையுங்கள். பாதி முகம் இருட்டுக்குள் முழுகுகிற நாடகமெல்லாம் இந்தப் பாணிக்கு வெளியே.

நாற்காலியின் கால்கள், ஈஸலின் கால்கள், கண்ணாடியின் அடி, எல்லாவற்றையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒரு முறை எட்டு நாள் வேலையை இழந்தேன். வீடு கூட்டும்போது கண்ணாடி நான்கு விரல் நகர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, மூக்கின் நிழல் ஒரு பக்கமும் தாடையின் நிழல் வேறு பக்கமும் விழுந்த படம்தான் மிச்சம்.

உடை

பழைய ஐரோப்பிய கோட்டு வாடகைக்கு எடுக்காதீர்கள். வால்ட்முல்லர் மாறுவேடம் போடவில்லை, 1828ல் தன் தெருவில் என்ன போட்டுக்கொண்டு போவாரோ அதைத்தான் போட்டார். நீங்களும் ஒரு நல்ல காரியத்துக்குப் போகும்போது எதை எடுத்துப் போட்டுக்கொள்வீர்களோ அதையே போடுங்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கைத்தறிப் புடவை, கட்டம் போட்ட சட்டை, எதுவானாலும் சரி. கோடோ கட்டமோ இருந்தால் நல்லது, மேலே சொன்ன காரணத்துக்காக. ஒரு மாதம் அதே உடையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் நடுவில் துவைத்தால் மடிப்பு மாறும். துணிப் பகுதியை வரையும் நாட்களில் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் போடாமல் ஒரு தலையணைக்குப் போர்த்தி வைத்துவிட்டால் மடிப்பு ஓரளவு நிற்கும்.

கண்ணாடியில் பார்த்து வரைவதால் உங்கள் சட்டைப் பை எதிர்ப்பக்கத்தில் விழும், பொத்தான் பட்டியும் மாறி வரும். சிலர் இதைத் திருத்திவிடுவார்கள். நான் திருத்த வேண்டாம் என்பேன். நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்த உங்கள் முகம் கண்ணாடி முகம்தான், அதற்குப் பொருந்தும் சட்டையும் கண்ணாடிச் சட்டைதான்.

பலகையும் அடித்தளமும்

வால்ட்முல்லர் நிறையச் சின்னப் படங்களை மரப்பலகையில் வரைந்தவர். உங்களுக்கு 30 × 40 செ.மீ. அளவில் ஒரு பிளைவுட் அல்லது எம்.டி.எஃப் பலகை போதும். கான்வாஸ் என்றால் நூல் மிக மெல்லியதாக இருக்கிற வகையைக் கேளுங்கள். சொரசொரப்பான கான்வாஸில் கண்ணிமையின் ஓரம் நிற்காது. ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடித்தளப் பூச்சைத் தண்ணீர் விட்டு நெகிழ்த்தி நான்கு பூச்சு, ஒன்று குறுக்கே ஒன்று நெடுக்கே, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பு. விரலால் தடவினால் முட்டை ஓடு மாதிரி இருக்க வேண்டும். பொடி பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கோட்டுச் சித்திரம்: இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதுவும் காப்பாற்றாது

இதைப் பலகையில் செய்யாதீர்கள். அதே அளவுத் தாளில் செய்து, பின்பக்கம் பென்சில் கரியைத் தேய்த்து, கோடுகளின் மேல் அழுத்தி ஓட்டிப் பலகைக்கு மாற்றுங்கள். தலையின் உயரம் 14, 15 செ.மீ. இருக்கட்டும். நிஜ அளவில் மூன்றில் இரண்டு பங்கு. மார்பு வரை வர இடம் கிடைக்கும்.

அளவுகளை எடுக்கும்போது ஒரு கண்ணை மூடுங்கள். தலை உச்சியிலிருந்து தாடை வரை நடுவில் கண்கள் வரும் என்பது பொதுக் கணக்கு. அதை நம்பாமல் உங்கள் முகத்தில் அளந்து பாருங்கள். எனக்கு இடக்கண் வலக்கண்ணை விட இரண்டு மி.மீ. கீழே இருக்கிறது, நாற்பது வருடமாக எனக்கே தெரியாது. அதைச் சமன் செய்ய கை தானாகப் போகும். அங்கேதான் அந்தப் படை அதிகாரியை நினைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய அம்மாவுக்குச் செய்யாத உதவியை உங்களுக்கு நீங்கள் செய்துகொள்ள வேண்டாம்.

தன் முகத்தை வரைகிறவருக்கு மட்டும் வருகிற இன்னொரு சிக்கல் பார்வை. கண்ணாடியில் உங்கள் வலக்கண்ணை உற்றுப் பார்க்கும்போது பிம்பத்தின் இரு கண்களும் அங்கேயே குவியும். இடக்கண்ணுக்கு மாறினால் விழிகளும் நகர்ந்துவிடும். இரண்டையும் தனித்தனியாக அப்படியே வரைந்தால் படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்காமல் எங்கோ பார்ப்பார். ஒரு கண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதையே பார்த்துக்கொண்டு, மற்றக் கண்ணின் விழி எங்கே நிற்கிறது என்பதை ஓரப்பார்வையில் பிடித்துக் குறியுங்கள். தவிர, உற்றுப் பார்க்கப் பார்க்க நெற்றி சுருங்கி முகம் கடுமையாகிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியே தூரத்தைப் பாருங்கள். திரும்பி உட்கார்ந்த முதல் நொடியில் இருக்கிற முகம்தான் வரைய வேண்டிய முகம்.

தாள் சித்திரத்துக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டாலும் அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

அடிப்பூச்சு

வரைவது எண்ணெய் வண்ணத்தில். இங்கே ரா அம்பர் என்கிற பழுப்பு ஒரே நிறம். டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து, நிழல் இருக்கும் இடங்களில் மட்டும் டீக்கறை மாதிரி பூசுங்கள். வெளிச்சம் உள்ள இடங்களில் ஜெஸ்ஸோவின் வெண்மையே நிற்கட்டும். அம்பர் சீக்கிரம் காயும், இரண்டு நாளில் மேலே வேலை செய்யலாம், மழைக்காலம் என்றால் நான்கு நாள். இந்த நிலையில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் நீங்கள்தான் என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் துணியில் டர்பன்டைன் நனைத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள். இந்த இடத்தில் துடைப்பது சுலபம், பின்னால் முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் உள்ள டப்பாவில் போடுங்கள். ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

நிறம், குறிப்பாகத் தோலின் நிறம்

1828ல் வண்ணம் டியூபில் கிடைக்காது. அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் உலோக டியூபுக்குக் காப்புரிமை பெற்றது 1841ல். அதுவரை பொடியை எண்ணெயில் அரைத்து, மிச்சத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். அதனால் அன்றன்றைக்கு வேண்டிய நிறத்தை மட்டும் எடுத்து வேலை செய்கிற பழக்கம் இருந்தது. நீங்களும் எட்டு நிறத்துக்கு மேல் போக வேண்டாம்: டைட்டேனியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா, ரா அம்பர், காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், கோபால்ட் நீலம், ஐவரி கறுப்பு. ஈய வெள்ளையும் பாதரசச் சிவப்பும் அவர்கள் பயன்படுத்தியவை, இரண்டும் விஷம். அவை இல்லாமலேயே வரும்.

எந்த வழிகாட்டியிலும் தோல் நிறம் என்றால் வெளிறிய ரோஜா நிறக் கலவைதான் இருக்கும். நம் முகத்துக்கு அது உதவாது. நான் செய்து செய்து கண்டுகொண்டதைச் சொல்கிறேன். நடுத்தர வெளிச்சத்தில் உள்ள கன்னத்துக்கு பர்ன்ட் சியென்னாவும் ஓக்கரும் சம அளவு, கொஞ்சம் வெள்ளை. வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போனால் தோல் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும், இதுதான் எல்லாரும் செய்கிற தவறு. வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளைக்குப் பதில் ஓக்கரை முதலில் கூட்டுங்கள், வெள்ளை பிறகு. நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள்; சியென்னாவில் அலிசரினும் அம்பரும் சேர்த்தால் சூடான, உயிருள்ள நிழல் வரும்.

அடுத்தது மினுக்கம். கறுத்த, மாநிறத் தோலில் நெற்றி, மூக்கு நுனி, கீழுதட்டில் விழும் வெளிச்சப் புள்ளிகள் வெளுத்த தோலில் இருப்பதைவிடக் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் சுற்றியுள்ள நிறத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம். அந்தப் புள்ளியின் நிறம் தோலின் நிறம் கிடையாது, ஜன்னலின் நிறம். வானம் தெரிகிற ஜன்னல் என்றால் லேசான நீலம் கலந்திருக்கும். வெள்ளையில் ஊசிமுனை அளவு கோபால்ட், கொஞ்சம் தோல் கலவை. வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், நெற்றி சட்டென்று உருண்டு முன்னால் வரும். இந்த ஒரு நொடிக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப இதைச் செய்கிறேன்.

கீழ்ப்பூச்சுகளில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம். இந்த வரிசையை மாற்றினால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, அடிப்பூச்சு பிறகு சுருங்கும்போது வெடிக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றால்தான் அடுத்தது. மூன்று முதல் ஐந்து பூச்சு ஆகும். கடைசி ஒன்றிரண்டு, எண்ணெயில் அலிசரினையோ அம்பரையோ கண்ணாடி மாதிரி நெகிழ்த்திப் பூசும் கிளேஸ். கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், உதடு, இவ்வளவுதான் தேவைப்படும்.

பிரஷ் தடம் மறைய, ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மென்மையான அகலப் பிரஷால் தொட்டும் தொடாமலும் வருடுங்கள். இரண்டு வருடலுக்கு மேல் வேண்டாம். அதிகம் வருடினால் முகம் மெழுகாகிவிடும், சுருக்கமும் முகப்பரு வடுவும் அழிந்துவிடும். வடு இருந்தால் வருடிய பிறகு அதைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

வெள்ளைக் காலர்

முகத்துக்குச் சமமாக இதற்கு நேரம் கொடுங்கள். பீடர்மையர் ஓவியங்களில் எனக்கு அதிகம் பிடித்தது துணிதான். லேஸ், மஸ்லின், கஞ்சி போட்ட காலர், ஒவ்வொன்றும் வேறு வேறு வெள்ளை. ஒரு சாதாரண வெள்ளைத் தாளைக் காலருக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். காலரின் வெளிச்சப் பகுதி தாளுக்குச் சமமாக இருக்கும். அதன் மடிப்பின் உட்பக்கம் சாம்பல்நீலம். கழுத்தைத் தொடும் இடம் தோலின் நிறத்தை வாங்கி லேசான செம்பழுப்பு. காலரின் நிழல் கழுத்தில் விழுகிற ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மிக இருட்டு. இவற்றையெல்லாம் வைத்த பிறகு டியூபிலிருந்து எடுத்த சுத்த வெள்ளை, காலரின் மடிந்த முனையில் ஒரே இடத்தில், அரிசி அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

கோடோ கட்டமோ உள்ள சட்டை என்றால், முதலில் கோடுகளே இல்லாதது போல் மடிப்புகளை வரைந்து காய விடுங்கள். கோடுகளைப் பிறகு மெல்லிய பிரஷால் மேலே ஓட்டுங்கள். கை நடுங்கினால் ஒரு குச்சியின் நுனியில் துணி சுற்றி, பலகையின் ஓரத்தில் சாய்த்து, மணிக்கட்டை அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்திலும் இதே குச்சிதான்.

கைகளை வரைய வேண்டுமா என்று கேட்டால், முதல் படத்தில் வேண்டாம். வரைகிற கை நகர்ந்துகொண்டே இருக்கும்.

பின்னணி

சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு சுவர் போதும். வெளிச்சம் படும் கன்னத்துக்குப் பின்னால் கொஞ்சம் இருட்டாகவும், நிழல் கன்னத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சமாகவும் இருந்தால் தலை சுவரிலிருந்து பிரிந்து நிற்கும். வால்ட்முல்லரைப் போல மரமும் வானமும் வேண்டும் என்றால், உங்கள் மொட்டைமாடியில் தெரிகிற மரத்தைத் தனியாக ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டு பிறகு சேருங்கள். வியன்னாக் காட்டை இணையத்தில் பார்த்து வரைய வேண்டாம். வால்ட்முல்லர் 1846ல் ஓவியக் கல்வி பற்றி ஒரு சிறு நூல் எழுதி, நகலெடுக்கிற பாடத்தை விட்டுவிட்டு இயற்கையை நேரில் பார்த்து வரையக் கற்றுக்கொடுங்கள் என்று சண்டை போட்டார். கலைக்கழகத்தோடு பத்து வருடத்துக்கும் மேல் நீண்ட அந்தத் தகராறு, குறைத்த ஓய்வூதியத்தோடு அவரை வெளியேற்றியதில் போய் முடிந்தது. 1864ல் பேரரசர் அவருக்குரிய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் இறந்துபோனார். நேரில் பார்ப்பதற்காக அவ்வளவு இழந்தவரின் பாணியில் வரையும்போது நாம் மாடிப்படி ஏறவாவது செய்யலாம்.

நிறுத்துவதும் காய வைப்பதும்

முடிந்துவிட்டது என்று தோன்றும் நாளில் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு இரண்டு வாரம் பார்க்காதீர்கள். பிறகு படத்தைக் கையில் பிடித்து அதே கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள். கண்ணாடிக்குள் இப்போது உங்கள் முகமும் படத்தின் பிம்பமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், படம் மட்டும் இடவலம் மாறி இருக்கும். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் எல்லாம் அப்போது வெளியே வந்துவிடும். அவற்றில் உங்கள் முகத்தில் நிஜமாகவே உள்ள கோணல் எது, கை செய்த பிழை எது என்று பிரித்து, பிழையை மட்டும் திருத்துங்கள்.

வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகுதான். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே எண்ணெய் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். அதுவரை வெயில் நேராகப் படாத, காற்று வருகிற சுவரில் மாட்டுங்கள். பூஞ்சை வராமல் இருக்கப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் அகல இடைவெளி விடுங்கள்.

பலகையின் பின்பக்கம் பென்சிலால் தேதி, உங்கள் வயது, எந்த ஜன்னல், எந்த மாதத்து வெளிச்சம் என்று எழுதி வையுங்கள். அடுத்த படத்தை அதே நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கும்போது தேவைப்படும்.